மாயவரத்திலிருந்து வந்த திருத்தம்

பென்சிலை நீட்டிப் பிடித்து, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தூரத்துப் பொருளின் உயரத்தை அளந்துவிடலாம் என்று மாயவரத்திலிருந்து வந்த பாடத்தில் அச்சிட்டிருந்தது. மஜீதுக்கு அது தெரியாது. துறைமுகத்தில் இரவு வேலையை முடித்துவிட்டு வந்து அவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அவருடைய மகள் ஷம்ஷாத் மொட்டை மாடியில் நின்று தண்டையார்பேட்டை எண்ணெய்த் தொட்டிகளை அப்படித்தான் அளந்துகொண்டிருந்தாள். எழுபத்தொன்றாம் வருஷம், டிசம்பர் மாதம். பாகிஸ்தானோடு சண்டை மூண்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை.

ஒன்பதாவது படிக்கிற பெண் மாடியேறிப் படம் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் இல்லை. இருந்தவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. தலைமையாசிரியை ஃப்ளோரா டீச்சர் ஏதோ வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, படம் போடக் கை வருகிற சில பெண்களை மாயவரத்தில் இருந்த தபால் ஓவியப் பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்த்துவிட்டார். மாதா மாதம் பழுப்பு உறையில் பாடம் வரும். அதில் சொன்னபடி வரைந்து, சுருட்டி, தபாலில் போட வேண்டும். சில நாளில் படம் திரும்பி வரும். வரைந்த தாளில் அவர்கள் கை வைப்பதில்லை. அதன்மேல் மெல்லிய டிரேசிங் பேப்பர் ஒன்றைக் குண்டூசியால் குத்தி, கோடு எங்கே போயிருக்க வேண்டும் என்று சிவப்புப் பென்சிலில் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஷம்ஷாத் அந்தத் தாளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். கீழே தன் கோடு, மேலே அவர்கள் கோடு. சாப்பாடு ஆறிப்போகும்.

திருத்துகிறவரின் கையெழுத்து என்று இருந்தது வெறும் ஒரு சுழி. அவள் அவருக்கு ‘மாயவரம் சார்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

“ஆம்பளையா பொம்பளையான்னே தெரில. சாராம், சாரு!” என்பாள் தாய் அஜீசுன்னிசா.

“எழுத்தப் பாத்தா தெரில? கண்டிப்பானவரும்மா அவரு.”

டிராயிங் பரீட்சையில் லோயர் பாஸ் பண்ணி, ஹையரும் பாஸ் பண்ணினால் டிராயிங் டீச்சர் வேலை கிடைக்கும் என்று ஃப்ளோரா டீச்சர் சொல்லியிருந்தார். மஜீது கப்பலில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். தம் வீட்டிலிருந்து ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவாள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. வேலைக்குப் போகிற வழியில் அவரே அந்த உறைகளைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்.

அந்த மாதத்துப் பாடம் உருளை. டம்ளர், வாளி எல்லாம் முடிந்திருந்தது. கடைசிப் பயிற்சி: ‘உங்கள் வீட்டருகே காணப்படும் பெரிய உருளை வடிவப் பொருள் ஒன்றை, வெளியில் நின்று பார்த்து வரைக. உதாரணம்: நெற்குதிர், கோயில் தூண்.’ அவர்கள் குடியிருந்த டோல்கேட் பக்கத்தில் நெற்குதிருக்கு எங்கே போவது? மாடியேறினால் கண்ணுக்கு முன்னால் நின்ற பெரிய உருளைகள் மூன்றுதான்.

கதவு தட்டுகிற சத்தத்தில் மஜீது விழித்தார். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். அவருக்குப் பின்னால் தெருமுனை சைக்கிள் கடை லோகநாதன். சண்டை வந்ததும் லோகநாதன் சிவில் டிபென்சில் பெயர் கொடுத்து வார்டன் ஆகியிருந்தான். கையில் பட்டை, கழுத்தில் விசில்.

“ஒன்னும் மனசுல வெச்சுக்காத பாய்,” என்றான் லோகநாதன். “மாடில உன் பொண்ணு கைய நீட்டிகினு, ஒத்தக் கண்ண மூடிகினு, டேங்க்க பாத்து குறி வெச்சுகினு கீது. நான் பாத்துட்டு பாக்காத மாரி போனா நாளைக்கு என்னைத்தான கேப்பான்?”

ஷம்ஷாத் படப்பலகையோடு இறங்கி வந்தாள். கான்ஸ்டபிள் தாளை வாங்கிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

“உருளை சார்.”

“உருளையா? ஆயில் டேங்க்குனு பாத்தவொடனே தெரிதே.”

“ஆமா சார், ஆயில் டேங்க்குதான்!” என்றாள் அவள். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டதே என்று அவள் முகம் மலர்ந்ததை மஜீது கண்டார்.

“இந்த அம்புக்குறி?”

“வெயில் வர்ற பக்கம் சார். அத காட்டணும்.”

“ஓரமா நம்பரு நம்பரா போட்டுக்கீறியே?”

“பென்சில் அளவு சார். மொத தொட்டிய விட ரெண்டாவது எவ்ளோ சின்னதா தெரிதுன்னு.”

கான்ஸ்டபிள் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “அய்யா வந்து வூட்ட பாக்கறதா இருந்தாலும் இருக்கும். எங்கியும் போயிடாத பாய்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஜீசுன்னிசா அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. போன சண்டையில், அறுபத்தைந்தில், அவளுடைய தாய்மாமாவை இப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கராச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் போட்ட ஒரு கல்யாணப் பத்திரிகை டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதற்காக அந்த மனிதர் ஸ்டேஷன் பெஞ்சிலேயே ஒரு வாரம் கிடந்தார்.

“வூட்டுல ஒரு காயிதம் இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்,” என்றாள்.

“இருந்தா நல்லதுதானம்மா. பாடத்த காட்டினா அவங்களே புரிஞ்சுப்பாங்க,” என்றாள் ஷம்ஷாத்.

மஜீது அந்தப் பழுப்பு உறைகளை எல்லாம் இறக்கிப் பாயில் பரப்பினார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒரு தாளில் பெரிய கண் ஒன்று. அதிலிருந்து கோடுகள் புறப்பட்டு ஒரு கட்டடத்தின் மேல் போய் விழுந்தன. இன்னொன்றில் வீடுகளும் ரோடும் ரயில் பாதையும் மேலேயிருந்து பார்த்ததுபோல் இருந்தன. மேலே தலைப்பு: ‘பறவைப் பார்வை’. மஜீது அதை இரண்டு தரம் படித்தார். பறவை என்றால் என்ன, விமானம் என்றால் என்ன, இன்ஸ்பெக்டர் எப்படி எடுத்துக்கொள்வாரோ!

“அத்தா, வேணாம் அத்தா. அதுல திருத்தம் எல்லாம் கீது.”

“சும்மா இரு.”

அவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் திணித்தார். அச்சுத் தாள்கள் புகைந்துகொண்டு கிடந்தன. டிரேசிங் பேப்பர்தான் பட்டென்று பிடித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு எரிந்தது. விளக்கு வைக்கிற நேரம். ஆனால் எந்த வீட்டிலும் விளக்கு வைக்கவில்லை; விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊர் முழுவதையும் இருட்டாக வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த இருட்டில் மஜீது வீட்டு ஜன்னல் மட்டும் செக்கச்செவேல் என்று ஆனது. தெருவில் விசில் ஊதியது.

“ஏய், எவன் வூடு அது? லைட்ட அமுக்கு!” லோகநாதனின் குரல் நெருங்கி வந்தது. ஜன்னலண்டை வந்து அடுப்பை எட்டிப் பார்த்தான். “இன்னா பாய்... இத்தப் போயி கொளுத்திகினு கீறே?” என்றான் மெதுவாக.

*

“நேத்து சாயங்காலம் என்ன கொளுத்தினீங்க?”

மறுநாள் ஸ்டேஷனில் மஜீதையும் ஷம்ஷாத்தையும் நிற்கவைத்து இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அவர் கத்துகிற ஆள் இல்லை. மேஜையில் ஷம்ஷாத் போட்ட படம் விரித்திருந்தது. சுருட்டிக்கொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் எதையெதையோ வைத்திருந்தார்கள். வலது மூலையில் ஸ்டேஷன் முத்திரை குத்தியிருந்தது.

“பாடம் சார்.”

“பாடத்துக்காகத்தான் படம் போட்டாள்னு சொல்றீங்க. அந்தப் பாடத்தைக் காட்டினா அதோட முடிஞ்சு போகும். அதையே கொளுத்திட்டு வந்து நிக்கிறீங்க.”

“பயந்துட்டேன் சார்.”

“பயப்படறவன் ஏன் பயப்படறான்னுதானே நான் யோசிக்கணும்?”

ஃப்ளோரா டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். தபாலில் படிக்கச் சேர்த்தது நிஜம், எண்ணெய்த் தொட்டியை வரையச் சொன்னார்களா என்பது எனக்குத் தெரியாது என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். மாயவரத்து விலாசமும் அடுப்பில் போன தாள்களோடு போய்விட்டது. ஆனால் உறையில் எழுதி எழுதி ஷம்ஷாத்துக்கு மனப்பாடம். கதவெண் முதற்கொண்டு சொன்னாள். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொண்டார்.

“இதை அங்கேயே அனுப்பிக் கேட்கறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “இது அவங்க சொல்லிக் குடுத்த பாடமா இல்லையான்னு எழுத்துல வரட்டும். அதுவரைக்கும் ஹார்பர் பாஸ் இங்க இருக்கட்டும்.”

“பாஸ் இல்லாம கேட்டுக்குள்ள விட மாட்டாங்க சார்.”

“தெரியும். அதனாலதான்.”

வெளியே வந்ததும் ஷம்ஷாத் கேட்டாள்: “அத்தா, தேதி தாண்டிடுச்சுன்னா மார்க் கொறைப்பாங்களே?”

மஜீது நடுரோட்டில் நின்றுவிட்டார். “அது பாடமா போகலடி. கேஸா போயிருக்கு,” என்றார். பிறந்ததிலிருந்து அவளை அவர் ‘டி’ போட்டுப் பேசியதில்லை.

*

பாஸ் என்பது கெட்டி அட்டையில் போட்டோ ஒட்டிய ஒரு துண்டு. அது சட்டைப் பையில் இல்லாவிட்டால் துறைமுகச் சுவருக்கு உள்ளே இருப்பது எல்லாம் வேறு நாடு. மஜீது காலையில் எழுந்தார், பழக்கத்தில் குளித்தார், சட்டை போட்டுக்கொண்டார், பிறகு சட்டையைக் கழற்றினார். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகச் சிலர் எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

வந்து பார்த்தவர் சிலுவைமுத்து ஒருவர்தான். ராயபுரத்துக்காரர். மஜீது வின்ச்சில் இருந்தால் சிலுவைமுத்து கப்பல் சரக்கறையின் திறந்த வாயண்டை நின்று கையால் சைகை காட்டுவார். ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் கை ஓடும். பல வருஷப் பழக்கம்.

“நீ இல்லாம எவனோ ஒரு கஸ்மாலத்த வின்ச்சுல ஒக்கார வெச்சுக்கீறான் பாய். நான் தூக்குன்றேன், அவன் எறக்கறான். நேத்து ஒரு மூட்ட மாவு என் தலமேலயே ஒடஞ்சுச்சு. வூட்டுக்குப் போனா என் பொண்டாட்டி டோரதி யாரு நீன்றா!”

அஜீசுன்னிசா சிரித்தாள். ஷம்ஷாத் கூடச் சிரித்தாள். சிலுவைமுத்து அவள் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, வரையறதுக்கு வேற ஒன்னும் கெடைக்கலயா? என் மூஞ்சி கீது, எங்க சர்ச்சு கோபுரம் கீது.”

“உருளை கேட்டாங்க மாமா.”

“என் வயித்த வரைஞ்சிருக்கலாமே.”

போகிறபோது மஜீதை வெளியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “மேஸ்திரி ஆளு மாத்தறதா பேசிகினு கீறான். சண்ட முடிஞ்சதும் மொத வேலயா போயி பாஸ வாங்கிக்கோ.”

சண்டை முடிந்தது. டோல்கேட்டில் பட்டாசு வெடித்தார்கள். லோகநாதன் கைப்பட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு, லாரி விளக்குகளில் பூசியிருந்த கறுப்புப் பெயின்டைச் சுரண்டிக் கொடுக்க ஆரம்பித்தான். ஜன்னல்களில் ஒட்டிய காகிதத்தை எல்லோரும் கிழித்துப் போட்டார்கள். மஜீது ஸ்டேஷனுக்குப் போனார். மாயவரத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றார்கள்.

“சண்டதான் முடிஞ்சிடுச்சே சார்.”

“சண்ட முடிஞ்சுது. ஃபைலு முடியலயே,” என்றார் ரைட்டர். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

*

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு ஆள் அனுப்பினார்கள், பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி.

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். ரைட்டரும் கான்ஸ்டபிளும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மேஜைமேல் அதே படம். இப்போது அதன்மேல் குண்டூசி குத்திய டிரேசிங் பேப்பர். அதைப் பார்த்ததும் ஷம்ஷாத் தன்னையறியாமல் ஓரடி முன்னால் போனாள்.

“நான் அனுப்பினது விசாரணைக் கடிதம். ஸ்டேஷன் சீல் வெச்சு, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “அவங்க என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா பாய்? படத்தைத் திருத்தி, மார்க் போட்டு அனுப்பியிருக்காங்க. கேளுங்க: ‘மாணவி ஷம்ஷாத்தின் உருளைப் பயிற்சி கிடைத்தது. தாமதத்துக்காக மதிப்பெண் குறைக்கப்பட்டது.’”

கான்ஸ்டபிளால் அடக்க முடியவில்லை. வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

“இது என்ன வட்டம் தெரியுதா?” மூலையில் ஸ்டேஷன் முத்திரையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. “‘படத்தின் மேல் ரப்பர் முத்திரை குத்துவது அழகைக் கெடுக்கும். இனி வேண்டாம்.’ எனக்கும் சேர்த்துத் திருத்தம் போட்டிருக்கார்.”

மஜீதும் சிரித்தார். உடம்பிலிருந்து ஏதோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. பாடம்தான் என்று எழுத்தில் வந்துவிட்டது.

“இனிமேதான் முக்கியமான விஷயம்.” இன்ஸ்பெக்டர் சிவப்பு எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். “‘மேல் வளையம் தட்டையாக உள்ளது. இரண்டாவது உருளை மூன்றாவதைப் பாதி மறைப்பது பொருத்தமில்லை. இடைவெளி சமமாக இருக்க வேண்டும். தூரங்கள் நம்பும்படி இல்லை. மாணவி நேரில் பார்க்காமல் ஊகித்து வரைந்ததாகத் தோன்றுகிறது. திருத்தியபடி மீண்டும் வரைந்து அனுப்புக.’ கேட்டீங்களா? இந்தப் படத்தை நம்பி எவனாவது பிளேன்ல வந்தா குண்டைக் கொண்டுபோய்க் கடல்லதான் போடணும். இதைவிட நல்ல சர்ட்டிபிகேட் உங்களுக்கு எவன் குடுப்பான்?”

ரைட்டர் ஏற்கெனவே வாக்குமூலம் தயார் செய்து வைத்திருந்தார். படம் தவறாக வரையப்பட்டது, இடத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அதில் ஷம்ஷாத் கையெழுத்துப் போட்டால் ஃபைலை மூடிவிடலாம். மேஜை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே தம்முடைய பாஸின் ஓரம் மஜீதுக்குத் தெரிந்தது.

“போடும்மா,” என்றார் ரைட்டர்.

ஷம்ஷாத் பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. டிரேசிங் பேப்பரைத் தூக்கினாள், விட்டாள். மறுபடி தூக்கினாள்.

“சார், வளையம் தப்புதான். தட்டையா போச்சு,” என்றாள். “ஆனா ரெண்டாவது தொட்டி அப்டிதான் சார் மறைக்கும். எங்க மாடிலேருந்து பாத்தா பாதிதான் தெரியும். நான் நேர்ல பாத்துதான் போட்டேன். திரும்பத் திரும்ப அளந்தேன்.”

அறையில் சிரிப்பு நின்றது.

மஜீதுக்குத் தெரியும், அவள் சொல்வது சரி. தினமும் சைக்கிளில் டோல்கேட் திரும்புகிறபோது மூன்று தொட்டியும் பளிச்சென்று தனித்தனியாகத் தெரியும். மிதிக்க மிதிக்க மூன்றாவது மெல்ல நகர்ந்து இரண்டாவதற்குப் பின்னால் போகும். வீட்டுச் சந்து வருகிறபோது சரியாகப் பாதி. பாதியில் நின்றுவிட்டால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் படத்தை முதல் முறை பார்த்தபோதே அவர் தம் வீட்டு மாடியில் நிற்பதுபோல் உணர்ந்திருந்தார். பயத்தில் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரல் கெட்டவர் குரல் இல்லை; வழி காட்டுகிறவர் குரல். “தப்புன்னா ஒரு சின்னப் பொண்ணு தப்பா போட்ட பாடம். சரின்னா, சண்டை நேரத்துல ஆயில் டேங்க்கை அளவெடுத்துப் போட்ட படம். அப்ப நான் வேற மாதிரி எழுதணும். மேலே அனுப்பணும். சரியா தப்பா?”

ஷம்ஷாத் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவர் அவர். அவள் அவரிடம் உதவி கேட்கவில்லை. சாட்சி கேட்டாள்.

“அவளுக்குக் கண்ணு சரியில்ல சார்,” என்றார் மஜீது.

சொன்ன பிறகுதான் அது தம் குரல் என்று அவருக்கே உறைத்தது. நிறுத்த முடியவில்லை. “சின்ன வயசுலேருந்தே தூரப் பார்வ கம்மி. ரெண்டு ரெண்டா தெரியும். ஒன்னுமேல ஒன்னு ஏறிகினு தெரியும். போர்டுல எழுதறதே தெரியாது. அதான் இப்டி போட்டுக்கீறா. அங்க எல்லாம் தனித்தனியாத்தான் கீது சார்.”

“கண்ணாடி போடலயே?”

“போடணும் சார். போட்டுட்றேன்.”

“முதல்ல அதைச் செய்யுங்க. கண்ணு தெரியாத பொண்ணைப் படம் போட அனுப்பிட்டு...” இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்தார். “பார்வைக் குறைபாடுன்னு ஒரு வரி சேர்த்துக்க.”

ரைட்டர் சேர்த்தார். ஷம்ஷாத் கையெழுத்துப் போட்டாள். பெயரின் கடைசிப் புள்ளியை வைப்பதற்குமுன் கொஞ்சம் நிறுத்தி, பிறகு வைத்தாள். இன்ஸ்பெக்டர் இழுப்பறையை முழுவதும் திறந்தார்.

படத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். டிரேசிங் பேப்பரை மட்டும் குண்டூசியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்கள். “திருத்தியபடி மறுபடியும் வரையச் சொல்லியிருக்கார் உங்க வாத்தியார்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

*

மறுநாளே மஜீது வேலைக்குப் போனார். சிலுவைமுத்து கப்பல் வாயண்டை நின்று, வின்ச்சில் அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். மூட்டைகள் ஒழுங்காக ஏறி இறங்கின. எல்லாம் பழையபடி ஆனதுபோல்தான் இருந்தது.

வீட்டில் ஷம்ஷாத் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சோறு போட்டாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மாடிக்கு மட்டும் போகவில்லை. துணி காயப்போட அஜீசுன்னிசாவே போக வேண்டியதாயிற்று.

“கொஞ்ச நாள் போனா சரியாயிடும்,” என்றாள் அஜீசுன்னிசா. “நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் நாம எல்லாரும் எங்க ஒக்காந்துகினு இருப்போமோ? இத்த போயி நெனச்சுகினு!”

அவள் சொன்னது நியாயம்தான். மஜீது அந்த நியாயத்தைத் தமக்குள்ளே பலமுறை சொல்லிப் பார்த்தார்.

அடுத்த விடுமுறை நாளில் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தார். ஷம்ஷாத் படப்பலகையைச் சுவரில் சாய்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புதுத் தாள். பக்கத்தில் அந்த டிரேசிங் பேப்பரை விரித்து வைத்து, சிவப்புக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று தொட்டிகள். வளையங்கள் உருண்டு திரண்டிருந்தன. ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவில் சம அளவு இடம். தொட்டிகளுக்குப் பின்னால் தெரியும் பேசின் பிரிட்ஜ் மின் நிலையப் புகைபோக்கிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக விட்டிருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூமியில் எங்கேயும் இல்லாத ஓர் இடம்.

“மேல போயி பாத்துகினு போடேன்மா,” என்றார் மஜீது. “இப்ப யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

“பாக்க வேணாம் அத்தா. இதுக்குப் பாக்கத் தேவையில்ல.”

அவளுடைய இன்னொரு பென்சில் தரையில் கிடந்தது. மஜீது அதை எடுத்துக்கொண்டு மாடியேறினார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. ரயில் பாதைக்கு அப்பால் மூன்று தொட்டிகளும் நின்றன. அவர் கையை நீட்டினார். முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலை மூன்றாவது தொட்டியின்மேல் வைத்து, விரலை நகர்த்தினார். இரண்டாவதன் விளிம்பு வந்தது. சரியாகப் பாதி. அவள் போட்டிருந்ததுபோல, ஒரு நூல் கூடக் குறையாமல்.

“இன்னா பாய், மேல இன்னா பண்ற?”

கீழே தெருவில் லோகநாதன் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றான். சும்மா கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். மஜீதின் கை தானாக இறங்கியது. பென்சில் லுங்கி மடிப்புக்குள் போய்விட்டது.

“துணி எடுக்க வந்தேன்பா.”

கொடி வெறுமையாக இருந்தது. லோகநாதன் அதைப் பார்த்தானோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போனான். மஜீது கொடியண்டை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தார்.

ஷம்ஷாத் முடித்துவிட்டாள். கீழே பெயரும் மாணவர் எண்ணும் எழுதிக்கொண்டிருந்தாள். மஜீது பென்சிலை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் பென்சிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“நீ போட்டதுதாம்மா சரி,” என்றார் அவர். “இப்பதான் அளந்து பாத்தேன். பாதிதான் தெரிது. நீ போட்டது அப்டியே...”

அவள் தாள்மேல் கிடந்த ரப்பர் துகள்களை ஊதிவிட்டாள். பிறகு எழுந்து போனாள்.

“மெதுவா பேசுங்க அத்தா,” என்றாள். “ஜன்னலு தொறந்து கீது.”

சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.